கடலோர வீதிக்கு மலையேற்றக் கியர் எதற்கு?

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போகும் சுமார் 40 கிலோமீற்றர் வீதியில் ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். இடையில் தென்னந்தோப்புகள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, மாம்புரியின் காற்றாலைகள். பேலியகொடையில் தொடங்கிச் சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளத்துக்கு வரும் ஏ-3 வீதியும் பெரும்பாலும் சமதரைதான். ஆனால் பழைய பின்சில்லு இழுவைக் கார்களை விரும்பி வைத்திருப்பவர்கள் பலருக்கு, நுவரெலியாவின் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குப் பொருந்தும் பற்சக்கரத்தைத் தங்கள் காரிலும் பூட்டிப் பார்க்கும் ஆசை இருக்கிறது. ஆசையில் குற்றமில்லை. கார் ஓடப்போவது எந்த வீதியில் என்று பார்க்காமல் பூட்டுவதுதான் பிழை.

பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியும் டிபரன்ஷலுக்குள் இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. கியர் பொக்ஸிலிருந்து வரும் தண்டின் முனையில் இருப்பது பினியன். அது சுழற்றும் பெரிய வளையம் கிரவுண் வீல். கிரவுண் வீலில் 43 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.3. தண்டு 4.3 தடவை சுழன்றால் சில்லு ஒரு தடவை சுழலும். இந்த எண் கூடினால் சில்லுக்குப் போகும் இழுவிசை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுழல வேண்டியிருக்கும். எண் குறைந்தால் இழுவை குறையும், எஞ்சின் நிதானமாக ஓடும். எஞ்சினின் குதிரைவலு மட்டும் இரண்டிலும் அப்படியே இருக்கும்.

1983க்கும் 1987க்கும் இடையில் தயாரான ரொயோட்டா ஏ.ஈ.86ஐ எடுத்துக்கொள்வோம். 1.6 லீற்றர் இரட்டைக் கேம் எஞ்சின், ஐந்து கியர், பின்சில்லு இழுவை, 4.3 விகிதம். 185/60 14 அங்குல டயரோடு ஐந்தாம் கியரில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,400 தடவை சுழலும். பந்தயக்காரர்கள் விரும்பும் 4.778 சோடியைப் பூட்டினால் அது 3,780 ஆகும். இழுவை 11 சதவீதம் கூடுவது உண்மை. காலை அழுத்தியதும் கார் துள்ளிக் கிளம்பும். ஆனால் எஞ்சினை 7,000 சுழற்சி வரை விரட்டினாலும் முதலாம் கியர் 49 கிலோமீற்றருக்குப் பதிலாக 44இலேயே முடிந்துவிடும். இரண்டாம் கியர் 88க்குப் பதிலாக 79இல் முடியும். கூடிய இழுவைக்கு விலையாக, கியரை முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

மாகஸ்தோட்டையில் அந்த விலை கட்டுபடியாகும். 1934இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் தடம் குறுகியது, வளைவுகள் நெருக்கமானவை. ஒவ்வொரு வளைவிலும் வேகம் விழுந்து மீண்டும் எழ வேண்டும்; ஐந்தாம் கியருக்கு அங்கே வேலையே வராது. பன்னல, கட்டுக்குருந்த போன்ற ஓடுதடங்களில் நேர்ப்பாதையின் நீளத்தைப் பார்த்து வேறு எண்ணைத் தேட வேண்டும். பந்தயக்காரர் கணக்குப் போட்டே தேர்ந்தெடுக்கிறார். கணக்கை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கடன்வாங்கினால் பயனில்லை.

கற்பிட்டி மீனவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு எந்தப் புரொப்பலரைப் பூட்டுவது என்று பார்க்கும்போது, வலைச் சுமையோடு போகும் படகுக்கு ஒன்று, ஆளை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகும் படகுக்கு இன்னொன்று என்றுதான் முடிவெடுக்கிறார்கள். காருக்குப் பின் அச்சு விகிதமும் அதே தீர்மானம்தான்.

இனி வீதியின் பக்கம் வருவோம். நகர்ப்புறங்களில் காருக்கு 50, அதிவேக நெடுஞ்சாலைகள் நீங்கலான மற்ற வீதிகளில் 70 கிலோமீற்றர் என்பது சட்டம். புத்தளம், கற்பிட்டிப் பக்கம் கழுதைகள் கூட்டமாக வீதியில் நிற்கும்; சைக்கிளில் பாடசாலைப் பிள்ளைகள், மீன் ஏற்றிய முச்சக்கரவண்டி, உப்பும் சீமெந்தும் ஏற்றிய லொறி என்று எல்லாம் அதே வீதியில்தான். இங்கே காருக்கு வேண்டியது 40இலிருந்து 70 வரை லொறியைத் தாண்டத் தயங்காத இழுவையும், 70இல் அமைதியாக ஓடும் ஐந்தாம் கியரும். 4.3 விகிதத்தில் 70இல் எஞ்சின் 2,380 சுழற்சியில் ஓடுகிறது, 4.778இல் 2,645. புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போய்வரும் 260 கிலோமீற்றர் முழுவதும் எஞ்சின் அந்த 11 சதவீதம் மிகையாகச் சுழல வேண்டும். 2022இல் கியூ.ஆர். அட்டையோடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்டில் இதை அற்பமென்று தள்ள முடியாது. ஆகவே கடலோரத்துக்குத் தொழிற்சாலை கொடுத்த விகிதம், மிஞ்சிப்போனால் அதிலிருந்து ஒரு படி. அதற்கு மேல் போவது தேவையில்லாத செலவு.

டயரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதே காருக்கு 175/60 13 அங்குல டயரைப் போட்டால் சில்லின் விட்டம் ஆறு சதவீதத்துக்கு மேல் குறைந்து, 4.3 விகிதம் 4.6 போல நடந்துகொள்ளும். டயரை ஏற்கெனவே சிறிதாக்கியவர் பற்சக்கரத்தையும் மாற்றினால் ஒரே மருந்தை இருமுறை உட்கொண்டதாகிவிடும்.

அதிகம் பேசப்படாத ஆபத்து வேகமானியில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் வேகமானிக் கம்பி கியர் பொக்ஸின் பின்முனையிலிருந்து ஓடுகிறது. பின் அச்சில் என்ன மாறியது என்பது அதற்குத் தெரியாது. 4.778 பூட்டினால் உண்மையில் 70இல் போகும்போது முள் ஏறக்குறைய 78 காட்டும். ஓடிய தூரமும் 11 சதவீதம் கூடப் பதிவாகும். மறுபக்கம், நெடுஞ்சாலைப் பயணத்துக்காக 43க்கு 11 பற்கள் கொண்ட 3.909 சோடியைப் பூட்டினால் முள் 70 காட்டும்போது கார் 77இல் போய்க்கொண்டிருக்கும். பொலிஸ்காரரின் கருவி சரியான எண்ணைத்தான் காட்டும். குறுக்கே வந்த கழுதைக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் தூரமும் உண்மையான வேகத்தின்படியே அமையும். கியர் பொக்ஸில் வேகமானிக் கம்பியைச் சுழற்றும் சிறு பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பொருத்தமானதாக மாற்றினால் இது சரியாகிவிடும். அதைச் செய்யாமல் காரைத் திருப்பிக் கொடுக்கும் கராஜ் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறது.

வேலையின் நேர்த்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1926இல் அமெரிக்காவின் பெக்கார்ட் கார்களில் வந்த ஹைபொயிட் வடிவப் பற்சக்கரங்கள்தான் இந்த அச்சுகளில் இருக்கின்றன. பினியன் வளையத்தின் மையத்துக்குக் கீழே அமர்ந்து, பற்கள் உருள்வதோடு வழுக்கியும் ஓடும். அதனால்தான் ஜி.எல்-5 வகை ஒயில் கட்டாயம். கிரவுண் வீலும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணைக்கப்பட்ட சோடி. ஒன்றை இங்கிருந்தும் மற்றதை அங்கிருந்தும் எடுத்துச் சேர்க்க முடியாது. கைதேர்ந்த மெக்கானிக் பற்களில் வண்ணப் பசையைப் பூசி, கையால் சுழற்றி, பல் எங்கே தொடுகிறது என்று பார்ப்பார். தொடும் தடம் பல்லின் நடுவில் விழும் வரை பினியனுக்குப் பின்னால் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் மாட்டுவார். இரண்டு பற்களுக்கும் இடையிலான தளர்வு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றுக்கும் பத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். அதை அளக்கக் கடிகார முள் கொண்ட அளவி வேண்டும். கண்மட்டம் போதாது. நெருக்கமாகப் பூட்டினால் பல் சூடேறித் தேயும், தளர்வாகப் பூட்டினால் ஊளையிடும்.

உப்புக்காற்று இந்த வேலைக்கு இன்னொரு சோதனை. அச்சின் மேல் சூடான காற்று வெளியேற ஒரு சிறு துவாரம் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சோடு கடற்கரை அலையிலோ, மழைக்காலத்தில் எலுவாங்குளத்துச் சப்பாத்துப் பாலத்தில் பாயும் கலா ஓயா நீரிலோ வாகனத்தை இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி அந்தத் துவாரத்தாலும் தேய்ந்த சீல்களாலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒயில் பால் நிறமாக வெளுத்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். பெரும் பணம் கொடுத்து வாங்கிய பற்சக்கரச் சோடியும், பெயாரிங்குகளும் துருவுக்கு இரையாகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய கார்களுக்கு மதிப்பு கூடியது. சிலர் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி எடுத்து, அச்சை மாற்றி, காரை விற்றுவிடுகிறார்கள். வாங்குபவருக்கு உள்ளே இருக்கும் எண் தெரியாது. எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் பதிந்திருப்பது தொழிற்சாலை பூட்டிய அச்சின் குறியீடு மட்டுமே. சாதாரண டிபரன்ஷல் என்றால் வாங்குபவரே சோதிக்கலாம்: முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நடுநிலையில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தி, ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அந்தச் சில்லை முழுமையாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். தண்டில் சுண்ணக்கட்டியால் இட்ட கோடு எத்தனை சுற்று வந்ததோ அதுவே விகிதம்.

எல்லா வாங்குபவருக்கும் இதைச் செய்ய முடியாது. எனவே மாற்றிய கராஜ் பற்களின் எண்ணிக்கையையும் வேகமானி திருத்தப்பட்டதா என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வர வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்காகக் கார்கள் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகின்றன; அங்கே அளப்பது புகையை மட்டும்தான். அதே நிலையங்களில் பின்சில்லுகளை உருளைகளின் மேல் ஓடவிட்டு வேகமானியின் பிழையையும் குறித்துக்கொடுக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஏற்பாடு செய்யலாம். பற்சக்கரம் மாற்றிய கார்களோடு, டயரின் அளவை மாற்றிவிட்டு முள்ளை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கும் சாதாரணக் கார்களும் அந்தச் சோதனையில் அகப்படும்.