சான்றிதழ் மட்டும் போதுமா?

"பயிற்சி எப்படி இருந்தது?"

"சூப்பர்! சாப்பாடும் பிரமாதம்!"

அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் உரையாடல்தான். ஆனால், தொற்றுநோயை நேருக்கு நேர் சந்திக்க வேண்டிய தாதியருக்கும் மருத்துவமனை ஊழியருக்கும் தரும் பயிற்சியை இப்படி எடைபோடலாமா?

2003இல் சார்ஸ் சிங்கப்பூரில் 238 பேரைப் பாதித்தது. 33 பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நால்வர் சுகாதார ஊழியர்கள். நம்மைக் காக்க வந்தவர்களையே நோய் பிடித்தது.

ஒரு பயிற்சி பலன் தந்ததா என்று அறிய நான்கு கேள்விகள் போதும் என்று அமெரிக்கப் பேராசிரியர் டோனல்ட் கிர்க்பேட்ரிக் 1959இல் எழுதினார். பிடித்திருந்ததா? கற்றுக்கொண்டார்களா? வேலையில் அதைச் செய்கிறார்களா? அதனால் நிலைமை மாறியதா?

பல இடங்களில் முதல் இரண்டோடு கடையை மூடிவிடுகிறோம். கருத்துப் படிவம், ஒரு சிறு தேர்வு, கையில் சான்றிதழ். அவ்வளவுதான்!

நான்காவது கேள்விக்கு விடை காண அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்க முடியாது. எனவே, மூன்றாவதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் நகரம் அதைத்தான் செய்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் 49 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு, நோயாளிபோல் நடிப்பவர்களை முன்னறிவிப்பின்றி அனுப்பியது. மொத்தம் 95 சோதனைகள்.

அவற்றில் 78 விழுக்காட்டில் 'நோயாளி'க்கு முகக்கவசம் தந்து தனிமைப்படுத்தினார்கள். "அண்மையில் வெளிநாடு போனீர்களா?" என்று கேட்டபோது அது 88 விழுக்காடு, கேட்காதபோது வெறும் 21. ஒரே ஒரு கேள்வி செய்த வித்தியாசம்! ஊழியர்கள் கைகளைச் சுத்தம் செய்ததோ 36 விழுக்காட்டில்தான்.

கை கழுவ வேண்டும் என்று தெரியாத மருத்துவ ஊழியர் உண்டா? தெரிந்திருப்பது வேறு, பரபரப்பில் கை தானாகச் செய்வது வேறு. வானொலியிலும் அப்படித்தான். ஒத்திகையில் எல்லாரும் அழகாகப் பேசுவார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால்தான் உண்மை தெரியும்.

இத்தகைய சோதனை யாரையும் மாட்டிவிடுவதற்கல்ல. கிருமிநாசினி கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறதா, பதிவுப் படிவத்தில் பயணக் கேள்வி விடுபட்டிருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சரிசெய்யத்தான். தாதியாக வேலை செய்யும் நம் வீட்டு அக்கா, இரவுப் பணி முடிந்து பத்திரமாகத் திரும்ப அது அவசியம்.