அடையாறும் ஒரு பேய் பங்களாவும்: பழைய ஹாரர் கேம் சொல்லும் பாடம்!

ஹாலிவுட்டின் டேவிட் ஹார்பர், ஜோடி கோமர், அசத்தல் கிராபிக்ஸ், ஊரறிந்த பெயர்... எல்லாம் இருந்தும் 2024 மார்ச்சில் வந்த 'அலோன் இன் தி டார்க்' ரீமேக் கரையேறவில்லை. அதைச் செய்த ஸ்வீடனின் பீசஸ் இன்டராக்டிவ் நிறுவனத்துக்கு ஜூன் மாதமே மூடுவிழா!

ஆனா, ஒரிஜினல் கதையே வேற. 1992-ல் பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்தில் ஃபிரெடரிக் ரேனாலும் ஒரு சின்ன டீமும் செய்த கேம் அது. பங்களாவின் பரணில் நிற்கிறீர்கள். ஜன்னல் வழியா ஏதோ வரப்போகுது. பீரோவைத் தள்ளி அடைக்கணும். நூலகத்தில் தப்பான புத்தகத்தைப் படித்தால் உயிரே போயிடும். கேமரா கோணத்தை நீங்கள் மாற்ற முடியாது. காட்டாமல் விட்டதுதான் பயமுறுத்தியது. 1996-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' நடந்ததும் இதே பாதையில்தான்.

இந்தப் பயத்தின் ஊற்று, அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட். பிரபஞ்சத்தின் முன் மனிதன் வெறும் தூசு என்பதே அவர் காட்டும் திகில். 1928-ல் வெளியான அவருடைய 'தி கால் ஆஃப் கதுலு' கதையில் தியசாபிஸ்ட்டுகள் வருகிறார்கள்; ஸ்காட்-எலியட்டின் லெமூரியா புத்தகமும் வருகிறது. அந்தத் தியசாபிகல் சொசைட்டியின் தலைமையகம் 1882 முதல் எங்கே இருக்கு? நம்ம அடையாறில்!

லெமூரியாவே ஒரு யூகம்தான். மடகாஸ்கரின் லெமூருக்கும் நம் ஊர் தேவாங்குக்கும் எப்படி உறவு வந்தது என்று விளக்க, 1864-ல் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் சொன்னது. கண்டங்களே நகர்கின்றன என்று உறுதியானதும் அறிவியல் அதைக் கைவிட்டது. ஆனால், தியசாபிஸ்ட்டுகள் அதை மறைஞானமாக்கினார்கள். நாம் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பெருமையாக்கினோம். துளியும் நம்பாத லவ்கிராஃப்ட் அதைக் கதையாக்கினார். இன்றும் சினிமாவும் கேமும் அவர் உலகத்தைத்தான் தேடிப் போகின்றன.

இங்கேதான் நமக்கான விஷயம் இருக்கு. கடல் கொண்ட நிலத்தை வரலாறு என்று நிரூபிக்கப் போராடுகிறோம். கற்பனையாக அதை அனுபவிக்க மறந்துவிட்டோம். மயிலாப்பூர் சந்தில் முற்றமும் பரணும் பூட்டிய அறையுமாக ஒரு பழைய வீடு, அதில் படிக்கக் கூடாத ஒரு ஓலைச்சுவடி... ஒரு கேமுக்கு இது போதாதா? நட்சத்திரங்களும் பெரிய பட்ஜெட்டும் மட்டுமே கைகொடுக்காது என்பதைத்தான் 2024 காட்டிவிட்டதே!

1992 ஒரிஜினல் இப்போதும் ஸ்டீமில் கிடைக்கிறது. வீட்டில் யாராவது 'கேம் டிசைன் படிக்கிறேன்' என்றால் திட்டாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, கூடவே உட்கார்ந்து ஒருமுறை ஆடிப்பாருங்கள்!