பூச்சியத்துக்கும் உரிமையாளர் உண்டு

உதைபந்தாட்டப் போட்டியொன்றின் முடிவு ஒன்றுக்குப் பூச்சியம் என்று வெளிவந்தால், அந்த ஒன்றைப் போட்டவர் யார் என்று கேட்காத வாசகர் இல்லை. அந்தப் பூச்சியத்தைக் காத்தவர் யார் என்று கேட்ட வாசகர் எவரையும், முப்பது ஆண்டுகாலப் பத்திரிகை வாழ்வில் நான் சந்தித்ததில்லை. 1995 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தென்னாசியத் தங்கக் கிண்ணச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை இதே கணக்கில்தான் வென்றது. நாடே கொண்டாடிய வெற்றி அது. அன்று பின்வரிசையில் நின்று இந்திய முன்வரிசையை மறித்த நால்வரின் பெயரை இன்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் கோஷ்ட பால். கிழக்கு வங்காளத்தின் ஃபரீத்பூர் மாவட்டத்திலுள்ள போஜேஷ்வர் என்ற ஊரில் 1896 இல் பிறந்தவர். கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்துக்காக, 1910 களின் தொடக்கத்திலிருந்து 1930 களின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ இரண்டு தசாப்தங்கள் பின்வரிசையில் நின்றவர். முரட்டுத்தனமாக மறித்து ஆடுபவர் என்று பெயர் பெற்றவர். 'சீனப் பெருஞ்சுவர்' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். நமக்கும் அவருடன் ஓர் உறவு உண்டு. 1933 இல் இந்திய அணியொன்று இலங்கைக்கு வந்து ஆடியபோது அதன் தலைவராக வந்தவர் அவரே.

அவருடைய வாழ்க்கையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மோகன் பகான் 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. இந்தியக் கழகமொன்று அக்கேடயத்தை வென்றது அதுவே முதல் தடவை. 1893 இல் முதற் கேடயத்தை ஓர் ஐரிஷ் படைப்பிரிவு வென்றதிலிருந்து, அது வெள்ளையரின் சொத்தாகவே இருந்து வந்தது. அந்த வெற்றி அணியில் கோஷ்ட பால் இல்லை. அதே கழகம் கல்கத்தா லீக் பட்டத்தை முதன்முதலாக வென்றது 1939 இல். அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு பெருவெற்றிகளுக்கு நடுவே, அவ்விரு பெரும் பட்டங்களில் எதுவும் கிட்டாத இடைவெளியில், அவருடைய ஆட்டக்காலம் முழுவதும் கழிந்தது. 1923 இல் கேடய இறுதியாட்டம் வரை வந்த அணி, கல்கத்தா உதைபந்தாட்டக் கழகத்திடம் தோற்றது. லீக்கிலும் இரண்டாமிடத்துடன் திரும்பிய ஆண்டுகள் உண்டு.

ஆயினும் 1962 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிய முதலாவது உதைபந்தாட்ட வீரர் அவர். கல்கத்தா மைதானத்தருகே அவருக்குச் சிலை நிற்கிறது. ஒரு வீதி அவர் பெயரைச் சுமக்கிறது. 1998 இல் தபால் முத்திரையும் வெளியானது. பெருங்கிண்ணங்கள் இல்லாத ஒருவருக்கு இத்தனை மரியாதை எதற்கு?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. சப்பாத்து அணிந்த வெள்ளைக்காரனை வெறுங்காலுடன் எதிர்த்து நின்ற தேசபக்தர் என்பது அது. இவ்விடை எனக்குப் போதவில்லை. உணர்ச்சிக்கு அது இனிக்கிறது. ஆனால் அந்த மனிதர் மைதானத்தில் என்ன செய்தார் என்பதை அது மறைத்துவிடுகிறது.

அவர் காலத்து அணிகள் இரண்டு பின்வரிசை வீரர்களையே நிறுத்தின. அவர்களுக்கு முன்னே மூவர். அதற்கும் முன்னே ஐவர். எதிரணியின் ஐந்து முன்வரிசை வீரர்களுக்கும் கோல் காப்பாளருக்கும் இடையே கடைசியாக நின்றவர்கள் அந்த இருவர்தாம். 1925 வரை அவர்களுக்குத் துணையாக 'ஓப் சைட்' விதி இருந்தது. தாக்குபவருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருக்க வேண்டும் என்றது அவ்விதி. ஆகவே இருவரில் ஒருவர் சமயம் பார்த்து நாலடி முன்னே நகர்ந்தாலே தாக்குபவர் பொறியில் விழுந்துவிடுவார். 1925 இல் மூவர் என்பது இருவர் ஆனது. அதே நாலடி இப்போது கதவைத் திறந்துவிடுவதாக மாறியது. உலகெங்கும் பின்வரிசை வீரர்கள் தடுமாறினர். இங்கிலாந்தில் நடுவரிசையிலிருந்து ஒருவரைப் பின்னே இழுத்து மூன்றாவது பின்வரிசை வீரராக்கினார்கள். இந்தியாவிலோ பழைய இருவர் முறையே நெடுங்காலம் நீடித்தது. விதி மாறிய ஆண்டில் கோஷ்ட பாலுக்கு வயது இருபத்தொன்பது. பழகிய தொழிலின் அடிப்படையே புரண்ட பின்னரும் அவர் பல்லாண்டுகள் அதே இடத்தில் ஆடினார். தோள்பலத்தை மட்டும் நம்பிய முரடரால் இது இயலாது. ஆட்டத்தை வாசிக்கத் தெரிந்தவராலேயே இயலும்.

வெறுங்கால் குறித்தும் இதே கோணத்தில் பார்க்க வேண்டும். ஆணி பதித்த சப்பாத்துக்கு எதிரே வெறுங்காலை நீட்டுபவர் ஒரு கணம் பிந்தினாலும் எலும்பு முறியும். எனவே பந்து எதிராளியின் காலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அங்கே போய்விட வேண்டும். அல்லது விதி அனுமதித்தபடி தோளால் மோதி அவரை நிலைகுலைக்க வேண்டும். அவருடைய முரட்டு ஆட்டத்துக்குள் இப்படியொரு கணக்கு இருந்தது. அதேவேளை, வெறுங்காலைப் புனிதமாக்குவதும் பிழை. கல்கத்தாவின் ஆட்டப் பருவம் மழைப் பருவம். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். ஈரமான நாட்களில் தன் வீரர்களுக்குச் சப்பாத்து அணிவித்த முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து லீக் பட்டத்தை வென்றது. மோகன் பகானின் தோல்விகள் சிலவற்றுக்கு அந்த வெறுங்காலே காரணமாகியிருக்கும் என்றே கருதுகிறேன். தேசபக்தி பாடுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அநீதியும் இருந்தது. கல்கத்தா லீக்கின் முதற் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி 1925 வரை நடைமுறையில் இருந்தது. ஈஸ்ட் பெங்கால் கழகம் அதை எதிர்த்துப் போராடியே உள்ளே வர வேண்டியிருந்தது. ஏனைய அணிகளில் பெரும்பாலானவை ஐரோப்பியக் கழகங்களும் படைப்பிரிவுகளுமே. ஒவ்வொரு வாரமும் அத்தகைய அணிகளுக்கு எதிரே நின்று, வாங்கவிருந்த நான்கு கோல்களை ஒன்றாகக் குறைத்துக் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத சேவை. 1911 இல் மூட்டிய தீ 1939 வரை அணையாமல் இருந்ததற்கு எவரோ காற்றை மறித்து நின்றிருக்க வேண்டும் அல்லவா? கோஷ்ட பாலுக்குரிய மரியாதை அதற்கானது என்பதே என் கட்சி.

நான் புதுக்கடைவாசி. நீதிமன்றங்களுக்கும் சட்டத்தரணிகளின் அலுவலகங்களுக்கும் நடுவே வாழ்பவன். எதிரிக்காகத் தோன்றும் நல்ல சட்டத்தரணியின் வெற்றி எப்படியிருக்கும் என்பதை இங்கே காணலாம். ஒருவர் படியிறங்கித் தம் வீட்டுக்குப் போவார். அவ்வளவுதான். நிகழவிருந்த ஒன்று நிகழாமற் போயிற்று. அதைப் படம் பிடிக்க முடியாது. ஆனாலும் நீதிமன்றம், தோன்றிய சட்டத்தரணியின் பெயரை வழக்கேட்டில் எழுதி வைக்கிறது. நம்முடைய விளையாட்டுப் பக்கங்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

இதைத் தொழிலின் உள்ளிருந்து சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு வரும் போட்டிச் செய்தியில் கோல்கள் இருக்கும். அவற்றைப் போட்டவர்கள் இருப்பார்கள். போடப்பட்ட நிமிடங்கள் இருக்கும். இடம் போதாவிட்டால் கடைசிப் பந்தியை வெட்டுவார்கள். பின்வரிசை வீரர்கள் வாழ்வது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பந்தியில்தான். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டி வரலாறு எழுதினால், கோல் போட்டவர்களே ஆடியதாகவும் மற்றவர்கள் வேடிக்கை பார்த்ததாகவுமே எழுதுவார். வரலாறு இப்படித்தான் சாய்கிறது.

நம் நாட்டில் இந்தச் சாய்வு இன்னும் மோசமானது. இலங்கையின் தேசிய உதைபந்தாட்டச் சங்கம் அமைந்ததே 1939 இல். கோஷ்ட பால் வந்து போய் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர். அவருக்கு எதிரே ஆடிய நம்மவர்கள் யார் யார் என்று எந்தத் தெருவில் கேட்டாலும் பதில் வராது. கல்கத்தா தன் பின்வரிசை வீரருக்குச் சிலை எடுத்தது. நாம் நம்மவர்களின் பெயர்களையே தொலைத்துவிட்டோம். பிற்காலத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கொட்டாஞ்சேனையிலும் கொம்பனித்தெருவிலும் மாலைதோறும் ஆடியவர்கள், ரினவுண், ஜாவா லேன், சோண்டர்ஸ் கழகங்களின் பின்வரிசையில் நின்றவர்கள், இளவாலை ஹென்றியரசர் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியிலும் விளையாடிப் பின்னர் போரினால் திசைக்கொருவராய்ச் சிதறியவர்கள் என்று எத்தனையோ பேர். அவர்களிற் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் முதுமையைக் கழிக்கிறார்கள். வீட்டிலுள்ள பேரப்பிள்ளைக்குக்கூடத் தாத்தா எந்த இடத்தில் ஆடினார் என்பது தெரியாது.

சிலை கேட்டு நான் இதை எழுதவில்லை. நம்மிடம் சிலைகள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. நான் கேட்பது ஒரு தாளும் பேனாவும் மட்டுமே. உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில், பின்வரிசையில் ஆடிய முதியவர் ஒருவர் இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். எந்த ஆண்டு, எந்தக் கழகம், பக்கத்தில் நின்றவர் யார், எதிரே வந்தவர்களில் மறிக்கக் கடினமானவர் யார் என்று கேளுங்கள். எத்தனை கோல் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் சொல்வதை நாளும் பெயருமாக எழுதி வையுங்கள். விளையாட்டுப் பக்கம் பார்க்கும் இளைய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடைசிப் பந்தியை வெட்டுவதற்கு முன்னர், பூச்சியத்தைக் காத்தவரின் பெயரை முதற் பந்திக்கு ஏற்றிவிடுங்கள். அதற்கு ஒரு வரி போதும்.