பச்சை ஜீப் சரி, ஆர்.சி. எங்கே?

வேப்பனப்பள்ளி பக்கம் மாந்தோப்புப் பாதையில் ஒரு பழைய மிலிட்டரி ஜீப் போனால் போதும். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். "அண்ணே, எவ்வளவுக்கு முடிச்சீங்க?" இதுதான் முதல் கேள்வி.

ஆர்.சி. இருக்கா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதே அதைத்தான்!

ஆசை தப்பில்லை. மண் பாதை, கல் பாதை, மழை பெய்தால் மார்க்கண்டேய நதிக்கரைச் சேறு. இங்கெல்லாம் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிக்குத் தனி மரியாதை உண்டு. ஜபல்பூர் ராணுவ வண்டித் தொழிற்சாலை 1999 வரை தயாரித்த ஜோங்காவுக்கு ஆறு சிலிண்டர். பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும்; ஆனாலும் வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். 1985-ல் வந்த ஜிப்சி கொஞ்சம் சிக்கனம்.

அம்புக்குறி போச்சு!

ராணுவத்தில் இருக்கும் வரை அதன் நம்பர் பலகையில் மேல் நோக்கிய அம்புக்குறி இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவு தேவையில்லை. ராணுவ வேலையிலிருந்து வெளியே வந்த அன்றே அந்தச் சலுகை முடிந்தது. மற்ற வண்டி மாதிரி அதையும் பதிய வேண்டும். கிருஷ்ணகிரி என்றால் டி.என். 24.

இன்னொரு சங்கதி. வாங்குகிறவர் மயங்குவதே அந்த ஆலிவ் பச்சையில்தான். மத்திய மோட்டார் வாகன விதி 121 என்ன சொல்கிறது? ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் அந்த நிறம் கூடாது! பெயிண்டை மாற்றினால்தான் ரோடு.

ஏலத்தில் ஓடுகிற வண்டியாகப் போனதா, காயலான் கடைச் சரக்காகப் போனதா என்பதையும் பேப்பரில் பார்க்க வேண்டும். 'பெங்களூர் வண்டி, சும்மா ஓட்டுங்க' என்பார் தரகர். கர்நாடக நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு வாங்கியே ஆக வேண்டும்.

ஆர்.சி. இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் ஏது? சந்தைக்குப் போகிறவர் மேல் மோதிவிட்டால் அந்தக் குடும்பம் நஷ்டஈட்டுக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

பணக்காரனுக்கு ஒரு வழி

அரசு மேலும் குறை உண்டு. 50 வயது தாண்டி, அசல் மாறாத வண்டிக்கு 2021-ல் தனிப் பதிவு வந்தது. கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கு ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. தக்காளிக் கூடை ஏற்றுகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

அவர் சாதாரணப் பதிவைத்தான் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000! பிரேக் பிடிக்கிறதா, புகை கக்குகிறதா என்று கறாராகச் சோதிக்கட்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதனையில் தேறிய விவசாயி வண்டிக்கும் இவ்வளவு ரூபாயா? பணத்துக்குப் பயந்து ஆர்.சி.யைக் கைவிட்டு, இருட்டிய பிறகு மட்டும் வெளியே எடுக்கிற ஜீப்பால் ஊருக்குத்தான் ஆபத்து. டெல்லி இந்தக் கட்டணத்தைக் குறைக்குமா?