தேயாத லைனரும் ஆபத்தானதே

எமது கரையோரத்தில் பல விவசாயக் குடும்பங்களின் வாழ்வு இரண்டு இடங்களில் கிடக்கிறது. வீடு ஓரிடம், வயல் வேறோரிடம். 1990ஆம் ஆண்டு வன்செயலின்போது உட்பகுதிக் கிராமங்களை விட்டு வந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கங்களில் தங்கிய குடும்பங்கள் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வீட்டைக் கொண்டுபோனபின் கரையை விட்டு விலகி வேறிடத்தில் குடியமர்ந்தவர்களும் உண்டு. இருப்பிடம் மாறியதே தவிர வட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கல்லோயாத் தண்ணீர் பாயும் வயலை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர எவராலும் முடியாது. ஆகவே சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு பழைய வானில் ஏறுகிறார்கள். விதைநெல்லும் உரமூடையும் அதே வானில்தான். ஏழு மணிக்கு அது திரும்பி வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறது. இடம்பெயர்ந்த இந்தக் குடும்பங்களை இன்றுவரை விவசாயிகளாக வைத்திருப்பது அந்த வான் என்றால் அது மிகையல்ல.

பிரேக்கைப் பற்றி ஒரு திருச்சபைச் சஞ்சிகை எழுதவேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் எழுதும் நாம், அவற்றையும் மனிதரையும் சுமந்து செல்லும் வாகனத்தைப் பற்றி எழுதக்கூடாது என்பதற்கு நியாயம் இல்லை. அதிலும் பின்சில்லுப் பிரேக்கைப் பற்றி ஒரு தவறான பெருமை எமது பகுதியில் பரவியிருக்கிறது. “பின் லைனர் போட்டு நாலு வருசம் காக்கா, இன்னும் தேயவே இல்ல” என்று சாரதிமார் சொல்வார்கள். கேட்பவர்களும் நல்ல வான் என்று நம்பி ஏறுவார்கள். எமது கருத்து இதற்கு நேர்மாறானது. வேலை செய்யும் லைனர் தேயும். நாலு வருடம் தேயாத லைனர் பெரும்பாலும் ட்ரம்மைச் சரியாகத் தொடாத லைனர்.

கழற்றிப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். பின்சில்லின் உள்ளே ஓர் இரும்பு ட்ரம் சில்லோடு சேர்ந்து சுற்றுகிறது. அதற்குள் பிறை வடிவான இரண்டு சூக்கள் சுற்றாமல் நிற்கின்றன. அவற்றின் முதுகில் லைனர் ஒட்டப்பட்டோ ஆணி அறையப்பட்டோ இருக்கும். பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயின் அமுக்கம் வீல் சிலிண்டருக்கு வந்து சூக்களை வெளியே தள்ளுகிறது. லைனர் ட்ரம்மில் உரசி வண்டியை நிறுத்துகிறது. பிரான்சின் லூயி ரெனோ 1902இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. லைனர் தேயத் தேயச் சூவுக்கும் ட்ரம்முக்கும் இடையிலான இடைவெளி கூடும். அதைக் குறைத்துக்கொள்வதற்குப் பல்லுச் சக்கரத்தோடு ஒரு சிறு திருகு உள்ளே இருக்கிறது. கராஜ்களில் அதை அட்ஜஸ்டர் என்பார்கள்.

இந்தத் திருகுதான் எமது பிரதேசத்தில் முதலில் இறுகிப் போகிறது. கடற்காற்றின் உப்பும் வட்டைச் சேறும் சேர்ந்தால் துருப்பிடிக்க ஒரு மாரி போதும். வேறொரு காரணமும் உண்டு. பல ஜப்பானிய வான்களில் கை பிரேக்கை இழுக்கும்போதுதான் இந்த அட்ஜஸ்டர் ஒரு பல்லுத் தள்ளும். வேறு சிலவற்றில் கால் பிரேக்கை மிதிக்கும்போது தள்ளும். எமது சாரதிமாரில் பலர் கை பிரேக்கைத் தொடுவதே இல்லை. தரை சமமானது, கியரில் விட்டு இறங்கினால் வான் நிற்கிறது, பிறகு எதற்கு என்பது அவர்கள் நியாயம். அதன் விளைவு மெதுவாக வருகிறது. இடைவெளி கூடிப் பெடல் கீழே போகிறது. “ரெண்டு தரம் மிதிச்சாப் பிடிக்கும்” என்று சாரதி அந்தக் குறையோடு பழகிவிடுகிறார். வேறு சாரதி ஏறும் நாளில், அல்லது குறுக்கே மாடு பாயும் நேரத்தில், இரண்டாம் தரம் மிதிக்க அவகாசம் இருக்காது. பின்பிரேக் செய்யவேண்டிய வேலையையும் முன்பிரேக்கே செய்வதால் முன் பேட்கள் விரைவில் தேய்கின்றன. பேட் தரமில்லை என்று கடைக்காரரை ஏசுகிறோம்.

இன்னொரு காரணத்தை எமது ஊர்களில் மிகச் சிலரே கவனிக்கிறார்கள். பல வான்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு ஒன்று அடிச்சட்டத்தில் இருக்கிறது. சுமை ஏறி வானின் பின்பக்கம் தாழ்ந்தால் அது பின்பிரேக்குக்குக் கூடிய அமுக்கத்தை விடும். வெறும் வானாக உயர்ந்து நின்றால் அமுக்கத்தைக் குறைக்கும். சுமையில்லாத வானில் பின்சில்லுகள் இறுகிச் சறுக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. நாம் என்ன செய்கிறோம்? நெல்மூடை ஏற்றுவதற்காகப் பின் வில்லுக்கு இரண்டு தகடு கூட்டிப் போட்டு வாலை உயர்த்துகிறோம். அதன்பின் எத்தனை மூடை ஏற்றினாலும் பின்பக்கம் முன்போலத் தாழ்வதில்லை. வால்வோ வான் வெறுமையாக இருக்கிறது என்றே நம்பி அமுக்கத்தைக் குறைத்தே விடுகிறது. கூடிய பிரேக் வேண்டிய வானுக்குக் குறைந்த பிரேக்! பின் லைனர் தேயாதிருப்பதன் இரகசியம் பல வான்களில் இதுவாக இருக்கலாம். வில்லுத் தகடு கூட்டியவர்கள் அந்தக் கம்பியின் அளவையும் வானின் கைந்நூலுக்கு ஏற்பத் திருத்தவேண்டும். துருப்பிடித்து அசையாத வால்வு என்றால் மாற்றவேண்டும். சில பழைய வான்களில் இந்த வால்வே கிடையாது, ஆகவே முதலில் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபுறத்தில், போட்ட லைனர் ஒரு போகத்துக்குள் தேய்ந்துபோகும் வான்களும் இருக்கின்றன. அங்கே லைனரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. கை பிரேக் கேபிள் உறைக்குள் இறுகியிருந்தால் சூ விலகாமல் நாள் முழுவதும் உரசும். ஓடி வந்தபின் இரண்டு பின்சில்லுகளின் நடுவிலும் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்த்தால், எந்தப் பக்கம் மற்றதைவிடச் சூடு என்று தெரிந்துவிடும். கையால் தொடவேண்டாம். தளர்ந்த இழுவை வில்லுகள், இறுகிய வீல் சிலிண்டர், கோடு விழுந்த அல்லது வட்டம் கெட்ட ட்ரம், எல்லாம் லைனரைத் தின்பவை. ட்ரம்மை லேத்தில் கடைந்து எடுக்கலாம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கூடிய விட்டம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ட்ரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டிக் கடைந்த ட்ரம் மெலிந்து, சூட்டைத் தாங்காமல் வெடிக்கவும் கூடும். லைனரின் கனம் 1 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றவேண்டும் என்பது பல ஜப்பானிய வான்களுக்குரிய எல்லை. ஆணி அறைந்த லைனரில் ஆணித் தலை ட்ரம்மைத் தொடும்வரை காத்திருக்கக்கூடாது.

சேறும் தண்ணீரும் இங்கே தனிக் கதை. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியருகே உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்ததை எவரும் மறக்கவில்லை. வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது எந்தப் பிரேக்கும் உதவாது, போகாமல் நிற்பதே வழி. நாம் சொல்வது சாதாரண நாட்களில் வாய்க்காலையும் கிறவல் வீதிக் குழிகளையும் கடக்கும் தண்ணீரை. ட்ரம்முக்குள் போன தண்ணீர் தானாக உடனே வெளியேறாது. கடந்தபின் சிறிது தூரம் பெடலை மெல்ல அழுத்திக்கொண்டே மெதுவாக ஓடினால் லைனர் காயும். அன்றிரவு கை பிரேக்கை இழுத்து விட்டால் ஈரச் சூ ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஈர நாட்களில் கியரில் விட்டுச் சில்லுக்குக் கல் வையுங்கள், மற்ற நாட்களில் கை பிரேக்கைத் தவறாமல் போடுங்கள். மாரி முடிந்ததும் ட்ரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, அட்ஜஸ்டர் திருகுக்கும் சூ உரசும் தகட்டு மேடுகளுக்கும் சூட்டைத் தாங்கும் கிறீஸை மிகச் சிறிதளவு பூசினால் தேய்வு இரு பக்கமும் ஒத்து வரும். கிறீஸ் லைனரில் படக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

கராஜ் வழக்கங்களில் இரண்டை நாம் எதிர்க்கிறோம். அச்சு ஒயில் சீல் ஒழுகி நனைந்த லைனரைப் பெற்றோலில் கழுவி மீண்டும் பூட்டுவது ஒன்று. ஊறிய எண்ணெய் சூடேறும்போது மறுபடி வெளியே வரும், வான் ஒரு பக்கம் இழுக்கும். சீலையும், இரு பக்க லைனரையும் சேர்த்து மாற்றுவதே முறை. மற்றது, ட்ரம்முக்குள் இருக்கும் தூசைக் காற்றடித்து ஊதுவது. பழைய லைனர்கள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. கல்நார்த் தூசு நுரையீரலில் தங்கிப் பல வருடங்களின்பின் புற்றுநோயை உண்டாக்கும். கராஜில் நிற்கும் சிறு பையன்தான் அதை முதலில் சுவாசிக்கிறான். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்கச் செலவு எதுவும் இல்லை.

இதே வான்கள் நோயாளரை ஏற்றிக்கொண்டு கண்டிக்கும் போகின்றன. திரும்பும் வழியில் உன்னஸ்கிரியவைத் தாண்டி மகியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவுகளில் சமதரைப் பழக்கம் உதவாது. பெடலை அழுத்தியபடியே இறங்கினால் ட்ரம் சூடாகி விரிந்து பிடிமானம் குறையும். ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது சரியானது. பிரேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சுவது. டொட் 3 வகைக்கு விதித்த அளவின்படி புதிய எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்குகிறது. கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழ் உண்டாகிப் பெடல் வெறுமையாகக் கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். குறைகிறதென்று கையிலிருக்கும் வேறு ஒயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர்கள் ஊதிப்போகும்.

இவ்வளவையும் சாரதிக்கும் உரிமையாளருக்கும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள நாம் விரும்பவில்லை. இந்த வான்கள் ஜப்பானில் ஓடியபோது சட்டப்படி குறித்த காலத்துக்கொரு முறை பரிசோதிக்கப்பட்டவை. சரக்கு வான்களுக்கு அங்கே ஆண்டுதோறும் பரிசோதனை. இங்கே ஆண்டுதோறும் புகையைப் பார்க்கிறார்கள். அந்தப் பரிசோதனையில் எவரும் ட்ரம்மைக் கழற்றுவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓய்வு கொடுத்திருக்க வேண்டிய டொல்பின்களும் டெலிக்காக்களும் ஓடிக்கொண்டே இருந்தன. புதியதின் விலை இன்று எமது மக்களுக்கு எட்டாது. ஆகவே இந்தப் பழைய வான்களோடுதான் இன்னும் பல போகங்கள் காலம் தள்ளவேண்டும்.

வானின் சொந்தக்காரரும் அநேகமாக எம்மைப்போல் இடம்பெயர்ந்தவரே. கூலியைக் கடைசி ரூபாய் வரை பேரம்பேசிக் குறைக்கிறோம். பன்னிரண்டு பேர் ஏறியபின் பதின்மூன்றாவது ஆளையும், ஐம்பது கிலோ உரமூடை இன்னும் இரண்டையும் ஏற்றச் சொல்கிறோம். அவர் எந்தச் செலவை முதலில் தள்ளிப்போடுவார்? டீசலைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போடக்கூடியதும் வெளியே தெரியாததும் பிரேக்தான். அதனால் பிரேக் செலவு வானில் ஏறும் அனைவரின் செலவு என்பது எமது நிலைப்பாடு. கூலியைக் கூட்டினால் களைபிடுங்கப் போகும் பெண்கள் எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு சோடி லைனரின் விலையையும் கராஜ் கூலியையும் ஒரு போகத்துப் பயணங்கள் அனைத்துக்கும் பங்கிட்டால், நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு பிளேன்டீயின் விலையை எட்டாது என்பது எமது கணக்கு. அதையும் நாட்கூலிப் பெண்களிடம் அறவிடாமல் காணிக்காரர் பொறுப்பேற்பதே முறை. உரமூடை அவர்களுடையதுதானே.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கமக்காரர் அமைப்புகள் கூடித் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்புத் திகதியையும் தீர்மானிக்கின்றன. அதே கூட்டத்தில் வட்டைக்குப் போகும் வான்களையும் பேசலாம். எத்தனை பேர், எத்தனை மூடை, பிரேக்குக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று வாயால் ஒத்துக்கொண்டாலே போதும். பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறப்பதற்கு முன் ஒருநாள் வானை நிறுத்தி இரண்டு பின் ட்ரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். ஏறிப்போகிறவர்களில் இருவர் கராஜுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய லைனர்களை எறிந்துவிடாமல் இடது, வலது என்று எழுதி வானிலேயே போட்டுவைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை திறக்கும்போது எந்தப் பக்கம் கூடத் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் தேயவே இல்லை என்று வைத்துப் பார்க்கலாம்.