திருவான்மியூர் கரைக்கு நீலக்கொடி வேண்டாம்

சென்னை மெரினாவில் மூங்கில் குடைகளும் சாய்வு இருக்கைகளும் போட்டு முடித்த கையோடு, கடற்கரைகளுக்குச் சர்வதேசச் சான்று வாங்கும் நீலக்கொடித் திட்டம் தெற்கே இறங்கிவிட்டது. அடுத்து திருவான்மியூர், பாலவாக்கம், உத்தண்டி என்கிறார்கள். இந்த முடிவை எடுத்தவர்கள் ஒரு விடியற்காலையாவது திருவான்மியூர் மீனவர் குப்பத்தில் வந்து நின்று பார்த்திருந்தால், இந்தக் கோப்பு இவ்வளவு தூரம் நகர்ந்திருக்காது.

சுற்றுலா வளரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். யாருடைய சுற்றுலா? 2023-ல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 28 கோடிக்கு மேல் என்பது அரசே தரும் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் 12 லட்சத்துக்கும் குறைவு. 140 கோடியைத் தாண்டிய மக்கள்தொகை உள்ள நாட்டில் சுற்றுலாத் தொழிலைத் தூக்கி நிறுத்துவது நம் ஆட்கள்தான். பறக்கும் ரயிலில் வந்து இறங்கி, மருந்தீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்து, காலை நனைத்துக்கொண்டு வீடு திரும்பும் குடும்பம் எந்தக் கொடியையும் தேடி வரவில்லை. அதற்கு வேண்டியது சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், இருட்டிய பிறகும் வீட்டுக்குப் போக ஒரு பஸ். இந்த மூன்றுக்கும் நீலக்கொடி தரும் டென்மார்க் அமைப்பிடமிருந்து சான்றிதழ் வர வேண்டியதில்லை.

ஆனால் நம் கோபத்துக்கு முதல் காரணம் குப்பத்தின் கரை. அங்கே மணல் என்பது காலி இடம் அல்ல. விடிவதற்கு முன்பே கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் வெயில் ஏறுவதற்குள் திரும்புகின்றன. படகைக் கரையேற்ற இடம் வேண்டும். வலையை விரித்துப் போட்டு, நண்டு சிக்கிய கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க இடம் வேண்டும். கிழிந்த வலையைப் பின்ன நிழல் வேண்டும். சங்கராவும் நெத்திலியும் கூடையில் விழுந்ததும் பெண்கள் சூழ்ந்து நின்று விலை பேசி எடுக்க இடம் வேண்டும். ஐஸ் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் இடம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கடல் பொங்கினால் அத்தனை படகுகளையும் இன்னும் மேலே, ரோட்டோரம் வரைக்கும் இழுத்து வைக்க வேண்டும். கோடையில் வெறிச்சென்று கிடக்கும் அந்த மேல்மணல் நவம்பரில் படகுத்துறை. கோடையில் எடுத்த ஒரு படத்தை மேஜையில் விரித்து, ‘இங்கே நடைபாதை, இங்கே விளையாட்டுத் திடல்’ என்று கோடு போடுகிறவர்களுக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர்கள் முயலவும் இல்லை.

கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவ ஊர்களையும் அவர்களின் பொதுப் புழக்க இடங்களையும் குறிக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு வரைபடங்களில் ஊர்களும், வலை காயும் திடல்களும், மீன்பிடி இடங்களும் விடுபட்டுப் போயின என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரைபடத்தைச் சரி செய்ய ஆள் இல்லை. நீலக்கொடிக்கு வரைபடம் போட மட்டும் ஆள் கிடைக்கிறது. கரையில் கட்டுமானம் கூடாது என்று குப்பத்துக்காரர்களுக்குச் சொல்லும் அதே சட்டத்தை, நீலக்கொடி வசதிகளுக்காக 2020 ஜனவரியில் தளர்த்தினார்கள். ஊரின் பொது மணலை நூற்றாண்டுகளாகப் புழங்கியவனுக்கு இல்லாத சலுகை, கொடிக்குக் கிடைத்தது.

நீலக்கொடி அடிப்படையில் குளிக்கும் கடற்கரைக்கான சான்று. 1985-ல் பிரான்சில் தொடங்கியது. இதற்கு 33 நிபந்தனைகள் இருக்கின்றன, அவற்றில் தலையாயது தண்ணீரின் தரம். கொடி நிரந்தரமும் அல்ல, ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்க வேண்டும். அடையாறு முகத்துவாரம் வழியாக நகரத்தின் கழிவுநீர் கடலில் கலந்துகொண்டிருக்கிறது. அலையின் இழுப்பில் உயிர் போகிறதென்று சென்னைக் கடற்கரைகளில் குளிப்பவர்களைப் போலீஸ் விசில் ஊதி வெளியேற்றுகிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு மணலில் குடை நடுவதைச் சுற்றுலா வளர்ச்சி என்று சொல்லக் கூடாது. கோவளம் 2021-லேயே கொடி வாங்கிவிட்டதே, அதனால் கூடுதலாக வந்த பயணிகள் எத்தனை பேர், பக்கத்து மீனவர்களின் வருமானம் ஏறியதா இறங்கியதா என்று முதலில் கணக்கை வெளியிடட்டும்.

பங்குனி ஆமைகளையும் சொல்ல வேண்டும். பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரையிலான இந்தக் கரையில் அவை முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் நகரும். விளக்குக் கம்பங்களைக் கூட்டினால் அவை கடலுக்குப் போகாமல் ரோட்டுக்குத்தான் வரும்.

கடற்கரை என்றதும் கோட்டைக்கு ஏதோ ஓர் ஆசை வந்துவிடுகிறது. எந்த ஆட்சியும் இதற்கு விலக்கல்ல. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். 2003-ல் மலேசியக் கூட்டோடு மெரினாவை மாற்றிக் கட்டக் கிளம்பினார்கள், எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டார்கள். பிறகு கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை, இதே திருவான்மியூர்க் கரையை ஒட்டி, கடலோரமாகவே ஒரு பறக்கும் சாலை போடத் திட்டம் தீட்டினார்கள். ஊர் ஊராகப் பஞ்சாயத்தார் கூடி மறித்த பிறகுதான் அது நின்றது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் கடைகளை அப்புறப்படுத்திவிட்டு, புது மார்க்கெட்டை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பெண்கள் எதை விற்றுச் சாப்பிட்டார்கள் என்ற கேள்வி எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. நாற்பது ஆண்டுகளில் இவர்கள் ஒரு பாடம்கூடப் படிக்கவில்லை.

ஆட்களை எண்ணுவதிலும் இதே அலட்சியம். 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனது. 2011-ன் எண்களை வைத்துக்கொண்டே ஊருக்கு ஊர் திட்டம் போட்டார்கள். கரையில் எத்தனை குடும்பம் பிழைக்கிறது என்ற சரியான கணக்கு கையில் இல்லாமல், அந்தக் கரை பயணிகளுக்கு என்று தீர்மானிப்பது அநியாயம்.

சுற்றுலா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கும் வாழ்கிறவர்களுக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கத்தான் செய்யும். அதை ஊரோடு உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை திருவான்மியூர் திட்டத்தை நிறுத்தி வையுங்கள். குப்பத்துப் பஞ்சாயத்தார் சம்மதிக்காமல் அந்த மணலில் ஒரு கம்பம்கூட ஊன்றக் கூடாது.