கைப்பொருளுக்குள் வெடிகுண்டு! யுத்தச் சட்டம் என்ன சொல்கிறது?

2024 செப்டம்பர் 17. லெபனான் நாட்டில் கடைத்தெருவிலும் வீடுகளிலும் இருந்தவர்களின் 'பேஜர்' கருவிகள் ஒரே சமயத்தில் கூவின. செய்தி வந்தால் ஒலி எழுப்பும் உள்ளங்கையளவுச் சிறு கருவி அது. செய்தியைப் படிக்க அதை முகத்தருகே கொண்டுபோனவர்கள் பலர் கண்ணையும் விரலையும் இழந்தார்கள். மறுநாள் வாக்கி-டாக்கிகள் வெடித்தன. முதல்நாள் மாண்டவர்களின் சவ ஊர்வலத்திலேயே ஒன்று வெடித்தது. இரண்டு நாளில் 30 பேருக்கு மேல் மாண்டார்கள். சுமார் 3,000 பேர் காயமுற்றார்கள். முதல்நாள் மாண்டவர்களில் 2 பேர் குழந்தைகள்!

கருவிக்குள் வெடிமருந்தை ஒளித்து அனுப்பியது யார்? நடவடிக்கைக்கு அனுமதி தந்தது தாமே என்று இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டார்.

"யுத்தம் என்றால் எல்லாம் நடக்கும்" என்கிறார்கள் சில மேதாவிகள். பொய்! யுத்தத்துக்கும் சட்டம் உண்டு. மறைத்து வைத்த பொறிவெடிகளைக் கட்டுப்படுத்த 1980-ல் சர்வதேச ஒப்பந்தம் உண்டாயிற்று. 1996-ல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். அதன் 7-வது ஷரத்து என்ன சொல்கிறது? குழந்தைகளின் விளையாட்டுச் சாமான், உணவு, காயம்பட்டவன், பிணம், சவக்குழி, வைத்திய சாதனம் ஆகியவற்றோடு பொறிவெடியை இணைக்கக் கூடாது. பார்வைக்குச் சாதுவான கைப்பொருளை, வெடிமருந்து வைப்பதற்கென்றே செய்து பயன்படுத்தவும் கூடாது.

எல்லாப் பொறிவெடியையும் இந்தச் சட்டம் தடுத்துவிடவில்லை. பின்வாங்கும் ராணுவம் தன் பதுங்கு குழியில் பொறி வைத்தால் அதுமட்டும் குற்றமாகாது. அங்கே நுழைபவன் எதிரிச் சிப்பாய். ஆனால் கைப்பொருள் கைமாறும். மேஜைமேல் கிடக்கும், மனைவி எடுத்துக் கொடுப்பாள், குழந்தை ஓடிவந்து எடுக்கும். கூட்டிப் பெருக்குகிறவளின் கையில் அகப்படும். ஆகவேதான் இந்தத் தடை.

இஸ்ரேலுக்கு வக்காலத்து வாங்குவோர் இரண்டு வாதம் சொல்கிறார்கள். 'தொட்டால் வெடிப்பதுதான் பொறிவெடி. இதைத் தூரத்திலிருந்தல்லவா வெடிக்கவைத்தார்கள்' என்பது முதல் வாதம். 1996-ல் திருத்தியவர்கள் 'இதர கருவிகள்' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். தூரத்திலிருந்து வெடிக்கவைக்கும் கருவியும் அதில் அடங்கும்.

'அவை ஹிஸ்புல்லா இயக்கம் தன் ஆட்களுக்குக் கொடுத்த கருவிகள்' என்பது இரண்டாவது வாதம். அந்த இயக்கத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரி ஊழியரும் உண்டு. ஆயிரக்கணக்கான கருவிகளை ஒரே நொடியில் வெடிக்கவைத்தவனுக்கு, எது எவன் கையில் இருக்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியுமா? ஐ.நா. மனித உரிமைத் தலைவர் வோல்கர் டர்க், 2024 செப்டம்பர் 20-ல் பாதுகாப்புக் கவுன்ஸிலில் இதைத்தான் சொன்னார். இது சட்டமீறல் என்றார்.

இன்னொரு வேடிக்கை! திருத்திய ஒப்பந்தத்தை இஸ்ரேல் 2000-ம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. தானே ஒப்பிய சட்டம்! பின் ஏன் வழக்கில்லை? இஸ்ரேலும் லெபனானும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேரவில்லை. அந்த நீதிமன்றத்துக்கு விசாரணை அதிகாரம் தர 2024 ஏப்ரலில் முடிவெடுத்த லெபனான் மந்திரிசபை, அடுத்த மாதமே பின்வாங்கிவிட்டது. ஆக, ஏழை திருடினால் ஜெயில். ஆயுதபலமுள்ள சர்க்கார் கொன்றால் வெறும் கண்டனம்!

இந்தத் தடை எல்லாத் தரப்புக்கும் பொது. சர்க்கார் ராணுவமானாலும், எதிர்த்து நிற்கும் படையானாலும், யார் மீறினாலும் குற்றமே. இன்று பேஜரை மன்னித்தால், நாளை டார்ச் விளக்கையும் ரேடியோவையும் எவன் நம்பி எடுப்பான்?

இந்தியாவும் 1999-ல் இந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடு. ஏற்ற நாடுகள் கூடும் மாநாட்டில் நம் சர்க்கார் வாய்திறக்க வேண்டும். ஆலைவாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள், தோழர்களே! சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்புங்கள். ஜனங்கள் கேட்டால்தான் ஏட்டுச் சட்டத்துக்கு உயிர் வரும்!